பன்னிரண்டு தட்டி மிச்சம்

எல்லாரும் வந்தாச்சா? நெருங்கி உட்காருங்கள்.

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை, ஒரு பானை நிறைய. ஆனால் பானையின் மூடியை இப்போது திறக்கமாட்டேன். கேட்டாலும் தரமாட்டேன், கெஞ்சினாலும் தரமாட்டேன், காலைப் பிடித்தாலும் தரமாட்டேன். அதுவரைக்கும் வாயை இறுக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், மேற்கு மலை இப்போது இருப்பதைவிட இரண்டு முழம் கூடுதல் உயரமாக இருந்த காலத்தில், மலையடியில் தூறலூர் என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் அனவரதம் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார்.

அனவரதம் மிச்சம் வைக்காத மனிதர்.

அவர் வீட்டில் எட்டுப் பேருக்கு எட்டு அப்பளம் பொரியும். ஒன்பதாவது அப்பளம் அந்த வீட்டு எண்ணெயைப் பார்த்ததே இல்லை. பாயசம் கடைசிக் கிண்ணத்தோடு சரியாகத் தீரும். தீராவிட்டால் அவரே பாத்திரத்துக்குள் தலையை விட்டுத் தீர்த்துவைப்பார்.

அந்தத் தெருவை முதலில் காக்கைகள் விட்டுப் போயின. பிறகு நாய்கள் போயின. கடைசியில் எறும்புகளும் வரிசையாகப் போயின, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு.

"என் கணக்குன்னா கணக்கு," என்பார் அனவரதம். மூக்கால் பேசுவார். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு "ம்ஹூம்" போடுவார். "ம்ஹூம். என் வீட்டுல குறையவும் செய்யாது, மிஞ்சவும் செய்யாது."

இதில் சிரிப்பு வருகிறதா? வரக்கூடாது. அடக்குங்கள்.

தூறலூரில் ஆனி பிறந்தால் சாரல் அடிக்கும். மற்ற ஊர் மழை மேலேயிருந்து விழும். அந்த ஊர் மழை பக்கவாட்டில் வரும். மலையிலிருந்து கிளம்பி, வயலைத் தாண்டி, நேராக வந்து மேற்குச் சுவரை அறையும். எல்லாம் மண் சுவர். ஒரு மாதம் அறை வாங்கினால் சுவர் வயிறு தள்ளும். இரண்டு மாதம் வாங்கினால் படுத்துவிடும்.

அதனால் சாரலுக்கு முன்பே மேற்குச் சுவர் முழுக்கப் பனையோலைத் தட்டி கட்டுவார்கள். மூங்கில் சட்டத்தில் ஓலை முடைந்த தட்டி. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த அகலம், இடுப்பளவு உயரம். சுவரில் அடித்த முளைகளில் பனைநாரால் இழுத்துக் கட்டுவார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்தபின் மிஞ்சிய தட்டியை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளக் கூடாது. சும்மா கிடக்கும் தட்டி தனக்கொரு இடிந்த சுவரைத் தேடும் என்று பயம். மிச்சம் எவ்வளவானாலும் கட்டினவருக்கு. ஆகவே ஊரார் வேண்டுமென்றே இரண்டோ மூன்றோ கூட்டி வாங்குவார்கள், கட்டுகிறவரும் பிழைக்கட்டும் என்று.

அனவரதம் மட்டும் கூட்டி வாங்கமாட்டார். அது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஊரில் தட்டி கட்டுகிறவள் பெயர் இலஞ்சியம். ஏணியில் ஏறினால் அணில், இறங்கினால் காற்று. அவளுக்கு இன்னொரு வித்தையும் இருந்தது. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். ஆட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு ஆடுகளையே ஏமாற்றுவாள். ஆனால் அதை வீட்டுக்குள் அக்காளிடம் மட்டும்தான் காட்டுவாள். வெளியே வேலை செய்யும்போது அவள் வாயில் எப்போதும் நார் இருக்கும். பல்லில் நாரைக் கடித்துக்கொண்டு இருப்பவளை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த வருஷம் இலஞ்சியத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. அவள் வீட்டுப் பழைய தட்டிகளைக் கரையான் தின்றுவிட்டது. மேற்குச் சுவர் போன சாரலிலேயே வயிறு தள்ளியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டி, இருக்கிற ஒரே அறையில், அவள் அக்காள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பிள்ளைக்கு வயது ஒன்பது நாள்.

இலஞ்சியம் சுவரை அளந்தாள். அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு இரண்டு. பன்னிரண்டு தட்டி வேண்டும். அந்தச் சுவரில் கதவில்லை, சன்னலில்லை, ஓட்டைகூட இல்லை. சரியாகப் பன்னிரண்டு.

ஆனால் ஊரில் ஒரு தட்டி பாக்கி இல்லை. மற்ற வீடுகளில் போன வருஷத்துத் தட்டியே தாங்கியதால், அந்த வருஷம் முடைந்த புதுத் தட்டி மொத்தம் முப்பத்தாறுதான். முப்பத்தாறையும் அனவரதம் வாங்கிவிட்டார். இனி ஓலை வெட்டி, காயவைத்து, முடைவதற்குள் ஆடி வந்துவிடும். சாரலுக்கோ எட்டு நாள்தான்.

இலஞ்சியம் சந்தையில் வைத்து அனவரதத்தைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, ஒரு பன்னிரண்டு தட்டி குடுங்க. அடுத்த வருஷம் புதுசா முடைஞ்சு தந்திருதேன். வீட்டுல பச்சைப் பிள்ளை கிடக்கு."

"ம்ஹூம். என் சுவருக்கு முப்பத்தாறு. வாங்கினது முப்பத்தாறு. இதுல பன்னிரண்டுக்கு எங்க போவேன்?"

"மிஞ்சினா?"

சந்தையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனவரதத்துக்குக் கூட்டம் என்றால் நெஞ்சு இரண்டு விரல் விரியும்.

"மிஞ்சினா எடுத்துக்க, பிள்ளே. ஒண்ணு மிஞ்சினாலும் எடுத்துக்க, ஒம்பது மிஞ்சினாலும் எடுத்துக்க. ஆனா கேட்டுக்கோங்க எல்லாரும். என் வீட்டுல ஒரு தட்டி மிஞ்சிச்சுன்னா, அன்னையிலருந்து என்னைக் கணக்குத் தப்பினவன்னு கூப்பிடுங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை இலஞ்சியம் ஏணியோடு வந்தாள். அனவரதம் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தார், அவளை மறுநுனியைப் பிடிக்கச் சொன்னார். வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைவரை அளந்தார். அகலத்துக்குப் பன்னிரண்டு தட்டி. தரையிலிருந்து கூரைவரை அளந்தார். உயரத்துக்கு மூன்று.

"பன்னிரண்டு மூணு முப்பத்தாறு. பார்த்தியா?"

"அண்ணாச்சி, இந்த வாசல்..."

"ம்ஹூம். அளக்கும்போது குறுக்கப் பேசாதே."

இலஞ்சியம் வாயில் நாரைக் கடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதா? மேற்குச் சுவரின் நடுவில் ஒரு வாசல் இருந்தது. ஓர் ஆள் கை விரித்த அகலம், இரண்டு தட்டி உயரம். அனவரதம் கயிற்றை அதற்கும் குறுக்கே இழுத்து அளந்துவிட்டார். தினமும் பத்துத் தடவை போகிற வாசல், வருகிற வாசல். அளவில் மட்டும் அது இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் கட்டி முடித்தபோது சுவர் முழுக்க மூடியிருந்தது. தரையில் இரண்டு தட்டி கிடந்தது.

அனவரதம் அவற்றைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் அவற்றைப் பார்த்தார். இருமுறை எண்ணினார். இரண்டு தட்டியை எத்தனை முறை எண்ணினால் என்ன?

"இந்தா பிள்ளே," என்றார் மெதுவாக, "யாரும் பார்க்குமுன்ன இதை எடுத்துட்டுப் போயிரு. கேட்டா, உன்னோடதுன்னு சொல்லு."

"சரி, அண்ணாச்சி."

வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல இரண்டு தட்டியையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இலஞ்சியம் போய்விட்டாள்.

இரண்டு வந்தது. இன்னும் பத்து வேண்டும். சாரலுக்கு ஏழு நாள்.

அந்த இரவு அக்காள் கேட்டாள். "அவ்வோகிட்ட இனி ஏதுடி மிச்சம்?"

"வாசல் இருந்ததால ரெண்டு மிஞ்சிச்சு," என்றாள் இலஞ்சியம். "சுவருல இன்னும் நாலஞ்சு ஓட்டை இருந்தா?"

அக்காள் சிரித்தாள். நீங்கள் சிரிக்கக்கூடாது. பானை இன்னும் மூடித்தான் இருக்கிறது.

மறுநாள், முடிச்சு இறுக்க வேண்டும் என்று சொல்லி இலஞ்சியம் மறுபடி ஏணி போட்டாள். அனவரதம் சுவருக்கு உள்பக்கம் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அப்போது வெளியே ஒரு தள்ளாத குரல் கேட்டது. ராமேசுவரத்துக்கு நடந்துபோகிற யாத்திரைக்காரர் குரல், சொல்லுக்குச் சொல் இரைக்கும் குரல்.

"அப்பா... இது என்னப்பா... உப்புக் கிடங்கா? ஒரு ராத்திரி... தங்க விடுவாகளா? என்னது, வீடா? மனுசங்க இருக்கிற வீடா? மூச்சு விட ஒரு ஓட்டை இல்லையேப்பா... பாவம். உள்ள யாரோ சீக்காளி போல."

அனவரதம் வெற்றிலையை விழுங்கிவிட்டார். வெளியே ஓடி வந்தார். யாரும் இல்லை. ஏணியில் இலஞ்சியம், வாயில் நார்.

"யாரு பிள்ளே பேசினது?"

இலஞ்சியம் நாரை எடுக்காமலே கிழக்கே கையைக் காட்டினாள்.

"சீக்காளியாம். நானாம்," என்று அனவரதம் குமுறினார். உடனே ஆட்களைக் கூப்பிட்டு மேற்குச் சுவரில் ஒரு சன்னல் இடித்துத் திறந்தார். ஒரு தட்டி அளவு. கட்டியிருந்த தட்டி ஒன்று கீழே இறங்கியது.

"எடுத்துட்டுப் போயிரு, பிள்ளே."

ஏணியோடு சேர்த்துக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வந்தது. இன்னும் ஒன்பது வேண்டும்.

இரண்டு நாள் கழிந்தது. அனவரதம் புதுச் சன்னலில் முகத்தை வைத்துக் காற்று வாங்கிவிட்டு, உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் உருண்டை வாய்க்குப் போகவில்லை. வெளியே ஒரு கணீர்க் குரல். அரண்மனைக் கட்டியக்காரர் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் முரசு அடிக்கிற குரல்.

"மன்னர் பெருமான் சாரல் காண எழுந்தருளும் வழி இதுவே. இல்லங்கள் யாவையும் நோக்கி வருகிறோம். இவ்வில்லத்தார் மன்னரை எங்ஙனம் தரிசிப்பர்? இச்சிறு துளை வழியாகவா? இதனைச் சன்னல் என்றா சொல்கிறீர்? கிளிக்கூண்டு என்றல்லவா யாம் எண்ணினோம். எழுதிக்கொள்க. மிளகு வணிகர் இல்லம், கிளிக்கூண்டு ஒன்று."

"எழுதாதீங்க, எழுதாதீங்க," என்று கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார் அனவரதம். வெளியே யாரும் இல்லை. ஏணியில் இலஞ்சியம், வாயில் நார். கை மேற்கே காட்டியது.

அன்று சாயங்காலமே தரையிலிருந்து கூரைவரை ஒரு நெடுஞ்சன்னல் திறந்தார், ராஜா யானைமேல் வந்தாலும் தெரிகிற மாதிரி. மூன்று தட்டி இறங்கியது.

"ஊருக்குள்ள கொண்டுபோகாதே, பிள்ளே. வைக்கோலுக்கு அடியில வச்சு வண்டியில கொண்டுபோ."

"சரி, அண்ணாச்சி."

ஆறு வந்தது. இன்னும் ஆறு வேண்டும். சாரலுக்கு மூன்று நாள். மலைத் தலையில் மேகம் முண்டாசு கட்ட ஆரம்பித்தது.

அனவரதத்தின் மனைவி ஆவுடையம்மை மேகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "சன்னலுக்குக் கதவு?"

"தச்சர்கிட்டச் சொல்லியாச்சு. ஆடி கழிச்சு வருதேன்னாரு."

"ஆடி கழிச்சு எதுக்கு? மழையை வெளிய அனுப்பவா?"

"ம்ஹூம். என் கணக்குல குறுக்கப் பேசாதே."

அதற்கடுத்த நாள் வந்தது மூன்றாவது குரல். அது மேலூர் மிளகு வணிகர் குரல். முப்பது வருஷமாக அனவரதத்துக்குப் போட்டிக்காரர் அவர். பேச்சுக்கு நடுவில் இருமுவார். அந்த இருமலைக் கேட்டாலே அனவரதத்துக்குச் சோறு இறங்காது.

"க்ஹும். பரவாயில்லையே. க்ஹும். அனவரதம்கூடச் சன்னல் வச்சிட்டாரே. ஒத்தைச் சன்னல். க்ஹும். நம்ம வீட்டுல ரெட்டைச் சன்னல். ரெண்டு ஆள் கை விரிச்ச அகலம், கூரைவரைக்கும். ஆனா எல்லாரும் அப்படி வைக்க முடியுமா? அவருக்கு அவ்வளவுதான் முடியும். பாவம், சொல்லிக்காட்டக் கூடாது. க்ஹும்."

அனவரதம் ஓடிப்போய்ப் பார்க்கக்கூட இல்லை. அந்த இருமலுக்கு முகம் வேறு வேண்டுமா? கடப்பாரையை அவரே எடுத்தார். ரெட்டைச் சன்னல் திறந்தார். இரண்டு தட்டி அகலம், மூன்று தட்டி உயரம். ஆறு தட்டி இறங்கியது.

ஆறையும் ஒருத்தி ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. இரண்டு நடை போனால் ஊர் பார்க்கும். ஆகவே மூன்றை இலஞ்சியம் எடுத்தாள். மூன்றை அனவரதமே தலையில் வைத்துக்கொண்டார். முகம் தெரியாமல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

வழியில் ஒருவர் கேட்டார். "யாரு, அண்ணாச்சியா? என்ன சுமை?"

"ம்ஹூம். சுமை இல்ல. நிழல்."

இலஞ்சியத்தின் வீட்டுக் கொல்லையில் தட்டியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் ஓடினார். மறுநாள் சந்தையில் நெஞ்சை விரித்துக்கொண்டு நின்றார். "வந்து பாருங்க என் வீட்டை. ஒரு தட்டி மிஞ்சிக் கிடக்கா, பாருங்க." ஊரார் போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். ஒன்றுகூடக் கிடக்கவில்லை.

எல்லாரும் கன்னத்தைக் கடித்துக்கொண்டு திரும்பினார்கள். உங்களைப் போலவே. இன்னும் கொஞ்சம்தான்.

சாரல் வந்தது.

மலையிலிருந்து கிளம்பி, வயலைத் தாண்டி, நேராக அனவரதம் வீட்டுக்கு வந்தது. வாசல் வழியாகக் கொஞ்சம் வந்தது. கிளிக்கூண்டு வழியாகக் கொஞ்சம் வந்தது. நெடுஞ்சன்னல் வழியாக நிறைய வந்தது. ரெட்டைச் சன்னல் வழியாக மலையே வந்தது.

ஆவுடையம்மை மிளகு மூட்டைகளைக் கிழக்கு அறைக்குத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அனவரதம் இலையில் உட்கார்ந்து ரசம் குடித்தார். ஒரு வாய் குடித்தார், சாரல் ஒரு வாய் ஊற்றியது. இன்னொரு வாய் குடித்தார், இன்னொரு வாய் ஊற்றியது. எவ்வளவு குடித்தும் கிண்ணம் நிறைந்தே இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாக ரசம் மிஞ்சியது.

ராஜா வரவில்லை. கட்டியக்காரரும் வரவில்லை.

"காய்ஞ்ச இடம் எங்கயாவது இருந்தா போய் உட்காருங்க," என்று அண்டாவுக்குள்ளிருந்து ஆவுடையம்மை சொன்னாள். அது கோவில் மணி பேசியதுபோல் இருந்தது.

அனவரதம் கிளம்பினார். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. தெருக்கடைசியில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு ஆடாமல் எரிந்தது. உள்ளே போனார். தரை காய்ந்திருந்தது. அடுப்பு எரிந்தது. சுவரை ஒட்டிப் பச்சைப் பிள்ளையோடு ஒரு பெண் படுத்திருந்தாள். அது இலஞ்சியத்தின் வீடு.

"வாங்க அண்ணாச்சி," என்று இலஞ்சியம் துண்டு கொடுத்தாள். சுடச்சுடச் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கேட்காமலே இன்னொரு குவளையும் கொடுத்தாள்.

உடம்பு காய்ந்ததும் அனவரதத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. வாசலில் எட்டி நின்று மேற்குச் சுவரைப் பார்த்தார்.

"அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு ரெண்டு. பன்னிரண்டு. ம்ஹூம், ஒண்ணு மிஞ்சலை, ஒண்ணு குறையலை. யாரு பிள்ளே அளந்தது? என் கணக்கு மாதிரியே இருக்கே."

"உங்க கணக்குதான், அண்ணாச்சி. ரெண்டு, ஒண்ணு, மூணு, ஆறு."

"அது சரி. அது என் வீட்டுல மிஞ்சினதுதானே." விரல் மடக்கி எண்ணினார். "மிஞ்சலை. என் வீட்டுல எதுவும் மிஞ்சலை. சன்னல் வச்சதால இறங்கிச்சு. சன்னல் நானா வச்சேன்? அந்த யாத்திரைக்காரர் சொன்னாரு, கட்டியக்காரர் சொன்னாரு..."

அப்போது உள்ளே பிள்ளை அழுதது.

படுத்திருந்த அக்காளுக்கு வந்திருப்பது யார் என்று தெரியாது. தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டாள். "ஏட்டி, பிள்ளை அழுது. அந்தக் கட்டியக்காரரை வரச் சொல்லு. அவரு குரலுக்குத்தான் அடங்குவான்."

இலஞ்சியம் அனவரதத்தைப் பார்த்தாள். வாயில் நார் இல்லை. ஒளிந்துகொள்ள ஏணியும் இல்லை. பிள்ளையைத் தூக்கினாள்.

"துயில்க, துயில்க, இளவரசே," என்றார் அரண்மனைக் கட்டியக்காரர். "இவ்வில்லத்தில் சாரல் இல்லை என்று எழுதிக்கொள்க."

பிள்ளை அடங்கிவிட்டது.

அனவரதத்தின் மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது. விழவில்லை.

"அப்போ," என்றார், "அந்த யாத்திரைக்காரர்?"

"மூச்சு விட... ஒரு ஓட்டை இல்லையேப்பா..." என்று இரைத்தது யாத்திரைக்காரர் குரல்.

"மேலூர்க்காரன்?"

"க்ஹும்," என்றாள் இலஞ்சியம்.

துளி விழுந்தது. அனவரதம் சுவரில் கட்டிய பன்னிரண்டு தட்டியைப் பார்த்தார். அதன் பின்னால் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். தெருவின் மறுகோடியில், மழை நுழைந்து புறப்பட்டுக்கொண்டிருந்த தன் வீட்டைப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது, ரெட்டைச் சன்னல் அளவுக்கு.

பானையைத் திறந்துவிட்டேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

பிறருக்கு ஒன்றும் மிஞ்சிவிடக் கூடாது என்று அளக்கிறவன், தன் வீட்டு வாசலையே கழிக்க மறந்துபோவான்.